முந்தானையில் முடிந்த மாத்திரை

எழுமலை அத்தைக்கு மூட்டு வலி. மூன்று வேளை மாத்திரையை முந்தானையில் முடிந்து வைப்பாள், மத்தியானம் மறந்துவிடுவாள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பாரே, சகோதரிகளே!

கோலத்தில் புள்ளியும் இழையும் போல, உலோக அணுக்களைக் கரிம மூலக்கூறுகளால் இணைத்தால் கண்ணுக்குத் தெரியாத கூண்டுகள் கிடைக்கின்றன. 2006-இல் பிரான்சில் பெரே குழுவினர், அத்தகைய ஒரு கிராம் தூளில் ஏறக்குறைய 1.4 கிராம் இபுப்ரோஃபென் என்ற வலி மருந்தை அடைத்தார்கள். சட்டியைவிடச் சோறு கனம்! உடல்நீர் போன்ற கரைசலில் போட்டபோது, மருந்து முழுவதும் வெளிவர ஆறு நாள் ஆயிற்றாம்.

ஆனால் அந்தக் கூண்டு குரோமியம், உடம்புக்கு உகந்ததல்ல. பிறகு இரும்பில் கட்டி, எலிகளுக்குச் செலுத்திப் பார்த்து, 2010-இல் வெளியிட்டார்கள். இவ்வகைக் கூண்டுகளுக்கு வழிகோலிய கிடகாவா, ராப்சன், யாகி மூவருக்கும் 2025-இல் நோபல் பரிசு.

மூட்டு வலிக்கு இது இன்னும் கடைக்கு வந்தபாடில்லை.

“அத்தை, மத்தியான மாத்திரை?” என்றேன். அவள் முந்தானையைத் தடவிப் பார்த்தாள்.