ழகரத்தைச் செய்து பார்ப்போம்

இராசபாளையத்திலிருந்தும் திருவில்லிபுத்தூரிலிருந்தும் நம் வகுப்புக்கு வரும் மாணவருள் பலர் மழையை 'மளை' என்றும் பழத்தைப் 'பளம்' என்றும் ஒலிக்கின்றனர். பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய மண்ணிலேயே ஆழ்வார் 'ஆள்வார்' ஆகிவிடுகிறார். இதனை இழிவாகக் கருதவில்லை. தென்மாவட்டப் பேச்சின் இயல்பு அது. ஆயினும் அதே மாணவர் விடைத்தாளில் 'வாளைமரம்' என எழுதினால் நாம் மதிப்பெண்ணைக் குறைக்கிறோம். கற்பிக்காத ஒன்றுக்காகத் தண்டிக்கிறோமோ என்பதே நம் உறுத்தல்.

பிறப்பியல் நடத்துகிறோமே எனலாம். உந்தியில் எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி எழுத்தொலியாகும் என்றும், நுனிநா மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருட ரகரமும் ழகரமும் பிறக்கும் என்றும் தொல்காப்பியர் கூறியதை மாணவர் மனப்பாடமாகவே சொல்வர். அந்நூற்பாவை ஒப்பிக்கும் நாவே, அதிலுள்ள ழகரத்தை ளகரமாக்கிவிட்டுப் போகும்!

இந்நிலையில்தான் 'பிராட்' என்னும் மென்பொருளை வகுப்பில் பயன்படுத்திப் பார்த்தோம். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் பால் போர்ஸ்மா, டேவிட் வேனிங்க் ஆகிய இருவர் உருவாக்கியது, விலையின்றிக் கிடைப்பது. 'பேசு' எனப் பொருள்படும் டச்சுச் சொல்லே அதன் பெயர். குரல்நாண் தரும் அதிர்வை ஒருபுறமும், வாயின் வடிவம் அவ்வதிர்வில் எவ்வெப் பகுதிகளை ஓங்கச் செய்கிறது என்பதை மறுபுறமும் அமைத்து, இரண்டையும் இணைத்து ஓர் ஒலியைப் புதிதாகவே படைக்கலாம். இவ்வாறு ஓங்கும் பகுதிகளை ஒத்ததிர்வுகள் என்பர்.

முதல் நாள் நாம் படைத்தது பஞ்சாலைச் சங்கு ஊதுவது போலிருந்தது. வகுப்பே சிரித்தது, நாமும் சிரித்தோம். அடுத்த நாள் இரண்டு அகரங்களுக்கிடையே மூன்றாம் ஒத்ததிர்வை ஏறத்தாழ 2500 ஹெர்ட்சிலிருந்து சிறிது சிறிதாக இறக்கினோம். அது இரண்டாம் ஒத்ததிர்வை நெருங்க நெருங்க ஒலி மாறியது. பின் இருக்கையிலிருந்த மாணவர் ஒருவர் "ஐயா, இப்போ ழ வருது" என்றார். அதுவரை 'மளை' என்றே சொல்லிவந்தவர் அவர். நா பழகுமுன் அவர் செவி பழகிவிட்டது. திரையில் ஒரு கோட்டைத் தம் கையால் கீழே இழுத்தபோது, வாய்க்குள் நா என்ன செய்கிறது என்னும் வினா அவருக்குத் தானே எழுந்தது. பிறகுதான் நூற்பாவை எடுத்தோம்.

ஸ்ரீகாந்த் நாராயணனும் உடன் ஆய்வாளரும் தமிழின் ர, ற, ல, ள, ழ ஆகிய ஐந்தொலிகளைப் பேசுங்கால் வாய் கொள்ளும் வடிவைக் காந்த அதிர்வுப் படங்களால் ஆராய்ந்து 1999இல் வெளியிட்டனர். படக்கருவி ஏதுமின்றித் தம் நாவையே ஆய்வுக்கூடமாகக் கொண்டவர் தொல்காப்பியர். அரபு மொழிக்கு எட்டாம் நூற்றாண்டில் அகராதி கண்ட கலீல் இப்னு அஹ்மதும் எழுத்துகளை மிடற்றில் தொடங்கி இதழ்வரை பிறப்பிட முறையிலேயே அடுக்கினார். மதரசாவில் மக்ரஜ் பயின்ற நம் பிள்ளைகளுக்குப் பிறப்பியல் எளிதில் விளங்குவதைக் கண்டிருக்கிறோம். அவர்கள் விதியை ஓதியதோடு நிற்கவில்லை. உஸ்தாது முன் ஒவ்வோர் எழுத்தையும் ஒலித்துக் காட்டித் திருத்தம் பெற்றவர்கள்.

"இலக்கிய வகுப்பில் எந்திரம் எதற்கு?" எனப் பெரியோர் சிலர் வினவினர். கைப்பேசி இன்று தமிழைப் படித்துக் காட்டுகிறது. அக்குரல் எங்கே பிழைக்கிறது, ஏன் பிழைக்கிறது எனச் சொல்ல வேண்டியவர் தமிழ் படித்தவரல்லரோ? பெரும்பொருள் செலவில் மொழி ஆய்வகம் கேட்கவில்லை. கேட்டதைத் திரும்பச் சொல்ல வைக்கும் அத்தகைய அறைகளில் நமக்குப் பெரிய நம்பிக்கையும் இல்லை. பழைய கணிப்பொறிகள் பத்தும் காதொலிப்பான்கள் பத்தும் போதும். பிறப்பியல் நடத்தும் சில வகுப்புகளேனும் கணிப்பொறி அறையில் நடக்கட்டும். அந்த அறையின் சாவி மட்டும் இன்னும் தமிழ்த்துறையின் பக்கம் வரவில்லை.