வீட்டுத் தோட்டம்: அல்லிக்கு ஏற்ற மண் எது?



பொத்துவிலில் இருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுள்ளார். போரில் கணவரை இழந்தவர். தையல் வேலை செய்து இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறார். முற்றத்தில் சிறிய சீமெந்துத் தொட்டி கட்டி, சீட்டுப் பணத்தில் நான்கு அல்லிக் கிழங்குகள் வாங்கி நட்டாராம். அவை பெருகினால் கன்றுகளை அறுகம்பை விடுதிகளுக்கு விற்கலாம் என்பது அவரது எண்ணம்.

"பூச்சாடிக்கு என்று கடையில் விற்ற மண்ணைத்தான் போட்டேன். இரண்டு கிழமையில் தண்ணீர் கறுத்து நாறியது. மூன்று கிழங்கு அழுகிவிட்டது. ஒன்றாவது தப்புமா?" என்று கேட்கிறார்.

சகோதரி, அந்த ஒன்றை இன்றே வெளியே எடுங்கள். நன்றாகக் கழுவி, கூழான பகுதியைச் சுத்தமான கத்தியால் வெட்டி நீக்குங்கள். உள்ளே வெள்ளையாகவும் உறுதியாகவும் இருந்தால் அதற்கு உயிர் இருக்கிறது. ஒரு வாளியில் சுத்தமான தண்ணீரில் இட்டு, இலேசான நிழலில் வையுங்கள். நல்ல மண் கிடைத்ததும் திரும்ப நடலாம்.

ஏன் அழுகியது?

கடைச் சாடி மண்ணில் பெரும்பாலும் தும்புத்தூளும் கூட்டெருவும் கலந்திருக்கும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் அது நல்லது. அல்லியின் வேர் இருப்பதோ காற்றுப் புகாத நீருக்கடியில். அங்கே எரு உக்கும்போது இருக்கிற கொஞ்ச ஒட்சிசனும் தீர்ந்துவிடும். கூழ்முட்டை நாற்றமுள்ள வாயு உண்டாகி வேரைக் கொல்லும். தும்புத்தூள் மிதந்து வரும். எருவின் சத்துத் தண்ணீரில் கரைந்து பாசியை வளர்க்கும். ஆகவே சாணம், கூட்டெரு, இலைமக்கு எதையும் அல்லிச் சாடியில் சேர்க்க வேண்டாம்.

எந்த மண் நல்லது?

குளத்து ஒல்லி எங்கே வளர்கிறது என்று நினைத்துப் பாருங்கள். கனமான களிச்சேற்றில் வளர்கிறது. நமக்கும் அப்படிப்பட்ட மண்தான் தேவை. பொத்துவிலில் கடலோர வளவுகளில் இருப்பது மணல். அது சத்தைப் பிடித்து வைக்காது, கிழங்கையும் நிறுத்தாது. உள்ளே ஹெட ஓயாவை அண்டிய வயல் பக்கத்து மண்ணே பொருத்தம். உரியவரிடம் கேட்டு வரம்போர மண் இரண்டு வாளி எடுத்தால் போதும். வெறும் களியாக ஒட்டிக்கொண்டால் மூன்று பங்குக்கு ஒரு பங்கு ஆற்று மணல் கலக்கலாம்.

ஒரு கவனம்: களைநாசினி அடித்த வயலில் அந்தப் போகத்தில் மண் எடுக்காதீர்கள். எம்.சி.பி.ஏ. போன்ற மருந்துகள் அகன்ற இலைக் களைகளைக் கொல்வதற்காகவே அடிக்கப்படுபவை. அல்லியும் அகன்ற இலைச் செடிதான்.

களப்போரக் கண்டல் சேறும் வேண்டாம். பார்க்கக் கறுப்பாக, வளமாகத் தெரியும். ஆனால் அதில் உப்பு உண்டு. காய்ந்தால் புளிப்பேறி அமிலமாகவும் மாறும்.

வீட்டிலேயே மூன்று சோதனைகள்

1. போத்தல் சோதனை: கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் நிரப்பி நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் படியும். வண்டல் சில மணி நேரத்தில் படியும். களி படிய ஒரு நாளோ அதற்கு மேலோ எடுக்கும். மணல் பாதிக்கு மேல் இருந்தால் அந்த மண் வேண்டாம். மேலே நிறையக் குப்பை மிதந்தாலும் வேண்டாம்.

2. உருண்டைச் சோதனை: ஈர மண்ணை உருட்டி, விரலிடையே நாடாவாக நசுக்குங்கள். உடையாமல் இரண்டு அங்குலம் நீண்டால் போதிய களி இருக்கிறது.

3. பயறுச் சோதனை: 2004 டிசம்பர் 26 கடல்கோளில் கடலோரக் கிணறுகளிலும் நிலத்திலும் உப்பு ஏறியதை நாம் மறக்கவில்லை. பல மாரி மழை கழுவிய பின்னும் கடலோரத்தில் மண்ணையும் நீரையும் பார்த்தே எடுக்க வேண்டும். ஒரு பேணியில் அந்த மண்ணும், இன்னொன்றில் நன்றாக விளையும் தோட்ட மண்ணும் போட்டு, பத்துப் பத்துப் பயறு விதையுங்கள். நல்ல மண்ணில் முளைத்து மற்றதில் முளைக்காவிட்டால் உப்பைச் சந்தேகியுங்கள். காய்ந்த மண்ணில் வெள்ளைப் பூச்சுத் தெரிந்தாலும் அப்படியே.

நடும் முறை

ஆழமான சாடியை விட, அகன்ற பிளாஸ்டிக் பேசின் நல்லது. பதினான்கு அங்குல அகலமும் ஏழு அங்குல ஆழமும் போதும். ஓட்டை வேண்டாம். மண்ணைப் பிசைந்து, விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே வரை நிரப்புங்கள். கிழங்கின் குருத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். மேலே அரை அங்குலம் கழுவிய ஆற்றுச் சரளை பரப்பினால் மண் கலங்காது. கடற்கரைச் சிப்பியும் பவளக்கல்லும் போட வேண்டாம், அவற்றில் சுண்ணாம்பு உண்டு.

பேசினைச் சரித்து மெதுவாகத் தண்ணீருக்குள் இறக்குங்கள். முதலில் குருத்துக்கு மேல் நான்கு அங்குலத் தண்ணீர் போதும். இலை வளர வளர உயர்த்தலாம். நாளுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். புதுச் சீமெந்துத் தொட்டியானால் சில கிழமைகள் தண்ணீரை நிரப்பி மாற்றி, சுண்ணாம்பு கழுவிய பிறகே நடுங்கள்.

பசளை உடனே வேண்டாம். புது இலைகள் வந்த பின், ஒரு தேக்கரண்டி கலப்புப் பசளையைத் தாளில் சுற்றி, களி உருண்டைக்குள் வைத்து, வேருக்கருகே ஆழமாக அமுக்குங்கள். மாதம் ஒரு முறை போதும். யூரியாவைத் தண்ணீரில் தூவினால் பாசி பெருகும், மீனும் சாகும்.

மறக்கக்கூடாதவை

மண்ணுக்கோ கிழங்குக்கோ குளத்திலும் களப்பிலும் தனியே இறங்காதீர்கள், முதலை உண்டு. போர் நடந்த பகுதிகளில் வாழும் சகோதரிகள், எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்திலும், துப்புரவு செய்யப்பட்டதா என்று தெரியாத காணியிலும் மண் தோண்ட வேண்டாம். போர் 2009இல் முடிந்தாலும் கண்ணிவெடி அகற்றும் வேலை அதன் பின்னும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. ஒரு வாளி மண் ஒரு காலுக்கு ஈடாகாது.

தொட்டியில் ஐந்தாறு குப்பி மீன் விடுங்கள். அவை நுளம்புக் குடம்பிகளைத் தின்னும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி நுளம்பு பெருக இடமளிப்பது குற்றம். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் தொட்டியின் மேல் கம்பிவலை கட்டாயம். முழங்காலளவு தண்ணீரும் குழந்தைக்கு ஆபத்து.

நீல அல்லி 1986 முதல் நமது தேசிய மலர். அது பகலில் மலரும். நம் வெள்ளை ஒல்லி இரவில் மலர்ந்து காலையில் கூம்பும். விற்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பறித்த பூ சீக்கிரம் கூம்பிவிடும். பேசினோடு கன்றாகக் கொடுப்பதே நிலையான வரும்படி.

பொத்துவில் சகோதரி, தவறு உங்கள் கையில் இல்லை, மண்ணில்தான். மூன்று போனாலும், ஒரு கிழங்கில் இருந்து மறுபடியும் தொட்டி நிறையும். முதல் பூ மலர்ந்ததும் எங்களுக்கு எழுதுங்கள்.