பீரோவில் பூட்டி வைத்தால் பட்டு வாழாது

தை பிறந்தால் போதும், நம் வீடுகளில் முகூர்த்தப் பட்டுப் பேச்சுத்தான். "எங்கே எடுத்தே? எவ்வளவு ஆச்சு?" என்று கேட்காத பெண்மணி இல்லை. "எடுத்ததை எப்படி வச்சுக்கப் போறே?" என்று கேட்கிறவள் ஆயிரத்தில் ஒருத்தி. இந்த இதழில் இரண்டையுமே பேசிவிடலாம் என்று இருக்கிறேன். எனக்கு வந்த ஒரு கடிதம்தான் காரணம்.

எழுதிய சகோதரிக்குக் கல்யாணமாகி 24 வருஷம். முகூர்த்தப் புடவையை அதற்கப்புறம் மூன்றே தடவைதான் கட்டினாராம். பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் வந்தது. "அம்மா, உன் புடவையைத்தான் கட்டிப்பேன்" என்று அவள் ஆசைப்பட்டிருக்கிறாள். கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்துப் பிரித்தால், மடிப்பு மடிப்பாகக் கிழிந்து வருகிறது. ஜரிகை கறுத்துக் கிடக்கிறது. "கண்ணும் கருத்துமாத்தானே வச்சிருந்தேன், என்ன தப்பு பண்ணினேன்?" என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, அப்படித் தொடாமல் வைத்திருந்ததுதான் தப்பு என்றால் கோபித்துக்கொள்ள மாட்டீர்களே? பட்டு, புழு நூற்ற நூல். நம் தலைமயிரைப் போல அதுவும் புரதம்தான். அதற்குக் காற்று வேண்டும். வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த இடத்து இழை நைந்துபோகும். போதாததற்கு ஜரிகை உலோகக் கம்பி. மடிந்த இடத்தில் அது பக்கத்துப் பட்டு இழையை மெல்ல மெல்ல அறுக்கும். பிளாஸ்டிக் உறை, ஐப்பசி கார்த்திகை ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்று தடவை கட்டியபோது பட்ட வியர்வையின் உப்பும் உள்ளேயே இருந்து வேலை செய்யும். ஜரிகை ஏன் கறுத்தது என்கிறீர்களா? வெள்ளிக் கொலுசு கறுக்கிறதல்லவா, அதே காரணம்தான். காற்றில் இருக்கும் கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும்.

ஆகவே நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். பட்டுப் புடவை, கட்டினால் வாழும், பூட்டினால் சாகும். இதை மனசில் வைத்துக்கொண்டு கடைக்குப் புறப்படுவோம்.

கடையில் கவனிக்க வேண்டியவை

முதலில், பட்டுதானா என்று பாருங்கள். முந்தானை ஓரத்தில் தொங்கும் இழையில் இரண்டு கேட்டு வாங்குங்கள். பாவு நூல் ஒன்று, ஊடை நூல் ஒன்று. இரண்டையும் தனித்தனியே கொளுத்திப் பார்க்க வேண்டும். ஒன்று பட்டாகவும் மற்றது வேறு நூலாகவும் இருக்கும் புடவைகள் உண்டு. அசல் பட்டு, மயிர் பொசுங்கும் நாற்றம் அடிக்கும். சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். கொளுத்திப் பார்க்கக் கடைக்காரர் சம்மதிக்கவில்லை என்றால் சில்க் மார்க் அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004-ல் வந்த முத்திரை அது.

ஆனால் ஒரு விஷயம். சில்க் மார்க், பட்டு சுத்தம் என்று மட்டும்தான் சொல்லும். ஜரிகையைப் பற்றி அது வாயே திறக்காது! புடவை விலையில் பெரும் பங்கு ஜரிகைக்குத்தான் போகிறது. நம்மவர்கள் ஏமாறுவதும் அங்கேதான்.

அசல் ஜரிகை எப்படி இருக்கும்? சிவப்புச் சாயம் ஏற்றிய பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன் மேல் தங்கமுலாம் பூசியிருப்பார்கள். காஞ்சிபுரத்தில் கூட்டுறவுச் சங்கங்களுக்கென்று வகுத்த கணக்குப்படி, 100 பங்கு ஜரிகையில் வெள்ளி சுமார் 40 பங்கு, தங்கம் அரைப் பங்கு, மீதி செம்பும் பட்டு நூலும். "தங்க ஜரிகை" என்று நாம் சொன்னாலும், அதில் இருப்பது பெரும்பாலும் வெள்ளியும் செம்பும்தான். ஜரிகை இழை ஒன்றை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே சிவப்பு நூல் தெரிந்தால் நல்ல அறிகுறி. வெள்ளை நூல் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் சிவப்பு தெரிந்துவிட்டது என்று அதோடு நின்றுவிடவும் கூடாது. மட்டமான ஜரிகைக்கும் உள்நூலில் சிவப்புச் சாயம் போடத் தெரியாதா என்ன?

ஆகையால் பில்லில் எழுதி வாங்குங்கள். "அசல் ஜரிகை" என்றோ, "டெஸ்டட் ஜரிகை" என்றோ தெளிவாக எழுதச் சொல்லுங்கள். டெஸ்டட் ஜரிகைப் புடவை வாங்குவது கேவலமில்லை. பார்க்க அழகாகவே இருக்கும், கையையும் கடிக்காது. அதற்கு அசல் ஜரிகையின் விலையைக் கொடுத்துவிட்டு வருவதுதான் நஷ்டம். எழுதித் தர மாட்டேன் என்கிற கடையில் கும்பிடு போட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

அடுத்தது கோர்வை. காஞ்சிபுரத்தின் பெருமையே அதுதான். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா, ஆக மூன்று நாடா போட்டு நெய்வது. தறியில் ஒருவருக்கு இருவர் உட்கார வேண்டிய வேலை. உடல் பச்சை, கரை அரக்கு என்றால், கோர்வைப் புடவையின் கரையில் பச்சை நிழல் விழாது. அரக்கு அரக்காகவே நிற்கும். உடலின் ஊடை நூலே கரைக்குள்ளும் ஓடியிருந்தால் கரையின் நிறம் கொஞ்சம் கலங்கித் தெரியும். கோர்வை என்று சொல்லி விலை கேட்டால், கரையைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

கடைசியாக, கனம். பொம்மைக்குக் கட்டியிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். பெண்ணின் தோளில் போட்டு, அவளைப் பத்து நிமிஷம் உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்லுங்கள். ஹோமப் புகையில் மூன்று மணி நேரம் உட்காரப் போகிறவள் அவள்தானே! கட்டவே பயமுறுத்தும் கனம் என்றால், அந்தப் புடவை கல்யாணத்தன்றைக்கே பீரோவுக்குள் போய்விடும். அப்புறம் வெளியே வராது.

வீட்டில் செய்ய வேண்டியவை

கட்டி அவிழ்த்தவுடன் மடிக்காதீர்கள். நிழலில், காற்றாடும் இடத்தில் இரண்டு மூன்று மணி நேரமாவது விரித்துப் போடுங்கள். வெயில் கூடாது, பட்டு பழுத்துப் பலவீனமாகிவிடும். சென்ட் அடிப்பதானால் புடவை கட்டுவதற்கு முன்னாலேயே அடித்துக்கொள்ளுங்கள். ஜரிகையில் அது படவே கூடாது.

சாம்பார் சொட்டிவிட்டதா? தேய்க்காதீர்கள். பச்சைத் தண்ணீரில் நனைத்த பருத்தித் துணியால் ஒற்றி ஒற்றி எடுங்கள். எண்ணெயும் நெய்யும் என்றால் தண்ணீரே வேண்டாம். முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, அது எண்ணெயை உறிஞ்சியதும் தட்டிவிட்டு, டிரைகிளீனிங்குக்குக் கொடுங்கள். எதனால் ஆன கறை என்று அங்கே சொல்லிவிடுங்கள்.

அசல் ஜரிகையும் கனமான வேலைப்பாடும் உள்ள புடவையை வீட்டில் துவைக்காமல் இருப்பதே நல்லது. சாதாரணப் பட்டானால் பூந்திக்கொட்டைத் தண்ணீர் போதும். சாயம் போகிறதா என்று ஒரு மூலையை மட்டும் நனைத்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள். சலவை சோடா, பிளீச்சிங் பவுடர் பக்கமே போகக் கூடாது. முறுக்கிப் பிழியாதீர்கள். இஸ்திரி போடும்போது உட்புறம் திருப்பி, மேலே ஒரு மெல்லிய பருத்தித் துணி விரித்து, மிதமான சூட்டில் போடுங்கள். தண்ணீர் தெளித்தால் திட்டுத் திட்டாகக் கறை நிற்கும். ஃபால்ஸ் துணியை ஒருமுறை நனைத்துக் காயவைத்த பிறகே தைக்கக் கொடுங்கள். இல்லையென்றால் பின்னால் அது சுருங்கிப் புடவையை இழுக்கும்.

வைக்கும் இடத்துக்கு வருவோம். பழைய எட்டு முழ வேட்டி இருக்கிறதே, கஞ்சி போகத் துவைத்தது, அதைவிடச் சிறந்த உறை பட்டுக்குக் கிடையாது. ஜரிகையோடு ஜரிகை உரசாமல் நடுவில் ஒரு துணி வைத்துச் சுற்றி வையுங்கள். கம்பி ஹாங்கரில் கனமான புடவையைத் தொங்கவிட்டால் தன் பாரத்தாலேயே இழுபடும். பாச்சை உருண்டை போடுவதானால் புடவை மேல் படாமல், துணியில் முடிந்து மேல்தட்டில் வையுங்கள். சின்னக் குழந்தைகள் உள்ள வீடானால் அது வேண்டவே வேண்டாம். மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொண்டால் ஆபத்து. காய்ந்த வேப்பிலையோ வசம்போ துணியில் முடிந்து வைத்தால் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து உதறி, மடிப்பை மாற்றி மடித்து வையுங்கள். அரைமணி நேர வேலை. அதைச் செய்யாமல்தான் நம் வீட்டுப் பட்டுகள் போகின்றன.

ஏற்கெனவே கிழிந்த புடவைக்கு

இழுக்காதீர்கள், உதறவும் வேண்டாம். தரையில் துணி விரித்து, அதன் மேல் தட்டையாகப் பரப்பிப் பாருங்கள். பெரும்பாலும் உடல் போயிருக்கும். கரையும் முந்தானையும் உறுதியாக இருக்கும். அந்தக் கரையைப் பிரித்தெடுத்துப் புதுப் பட்டில் வைத்துத் தைத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அம்மாவின் கரை, பெண்ணின் புடவையில்! முந்தானையில் ஒரு ரவிக்கை தைக்கலாம், பேத்திக்கு ஒரு பாவாடை தைக்கலாம். அவசரப்பட்டு வாசலில் வருகிற பழம்பட்டு வியாபாரியிடம் தூக்கிக் கொடுத்துவிடாதீர்கள். அவர் வாங்குவது துணியை அல்ல, அதிலிருக்கும் வெள்ளியை. அந்தக் காலத்து ஜரிகையில் வெள்ளி தாராளமாகவே இருக்கும். கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால், ஜரிகையைச் சோதித்துப் பார்த்து, இரண்டு மூன்று இடங்களில் விலை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

"நல்ல நாள் பார்த்துக் கட்டிக்கலாம்னு வச்சிருக்கேன்" என்பார்கள் நம்மவர்கள். நல்ல நாளுக்கா பஞ்சம்? ஆடி வெள்ளி இருக்கிறது, நவராத்திரி ஒன்பது நாள் இருக்கிறது, தீபாவளி, பொங்கல், பெண்ணின் பிறந்தநாள் எல்லாம் இருக்கிறது. இந்த வருஷ நவராத்திரிக்கு நாளுக்கு ஒரு பட்டாக எடுத்துக் கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கொலுவுக்குப் போய்ச் சுண்டல் வாங்கிக்கொண்டு வாருங்கள். புடவைக்கும் காற்றுப் பட்டது, உங்களுக்கும் மனசு நிறைந்தது.

அடுத்த இதழில், பரணில் கறுத்துக் கிடக்கும் வெள்ளிப் பாத்திரங்களைக் கீழே இறக்குவோம்.