இருபது வயசுக்காரர்களிடம் ஒரு கேள்வி

"இந்த நாட்டில் பிறந்ததில் உனக்கு சந்தோஷமா?" என்று ஓர் அரசாங்கம் தன் குடிமகனிடம் கேட்குமா? அவன் "இல்லை" என்று சொன்னால் அதை வெட்டாமல் படத்தில் வைக்குமா? 1967-ல் இந்தியாவில் ஏறக்குறைய அப்படி ஒன்று நடந்திருக்கிறது.

1948-ல் தொடங்கப்பட்ட ஃபிலிம்ஸ் டிவிஷன் என்றாலே பலருக்கும் நினைவு வருவது தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் ஓடும் நியூஸ் ரீல்தான். அணைக்கட்டு, தொழிற்சாலை, குடும்பக்கட்டுப்பாடு, பின்னணியில் கனத்த குரலில் ஒருவர் வாசிப்பார். அது முடிந்த பிறகு உள்ளே போனால் போதும் என்று வெளியே நின்றவர்கள் எத்தனையோ பேர்! அந்த இலாகாவுக்குள்தான் அறுபதுகளின் நடுவில் ஜான் பவ்நாகரி ஆலோசகராக இருந்தபோது கொஞ்சம் ஜன்னல் திறந்தது.

அப்போது எஸ்.என்.எஸ். சாஸ்திரி எடுத்த குறும்படம் 'ஐ ஆம் ட்வென்டி'. சுமார் இருபது நிமிடம். 1947-ல், சுதந்திரத்தோடு சேர்ந்து பிறந்தவர்களைத் தேடிப்போய் நாட்டைப் பற்றியும் அவரவர் ஆசைகளைப் பற்றியும் கேட்டிருக்கிறார். ஒருவருக்கு நாடு முழுக்கச் சுற்றிப் பார்க்க ஆசை. இன்னொருவர் தனக்கு நாட்டின் மேல் அன்பே இல்லை என்கிறார். இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. எது சரி என்று சொல்ல குரல் எதுவும் குறுக்கே வருவதில்லை.

காலத்தையும் பாருங்கள். 1965-ல் போர். 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டு, 4.76 ரூபாயாக இருந்த டாலர் 7.50 ஆனது. பீகாரில் வறட்சி. 1967 தேர்தலில் பல மாநிலங்கள் காங்கிரசின் கையை விட்டுப் போயின. மூடி மறைக்க எல்லாக் காரணமும் இருந்த நேரத்தில்தான் இப்படி ஒரு படம்!

அடுத்த வருடமே பிரமோத் பதியின் 'எக்ஸ்ப்ளோரர்'. இதில் பேச்சே கிடையாது. ஆடும் இளைஞர்கள், சாமி உருவங்கள், விஞ்ஞானக் கருவிகள் எல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் மாறி மாறி வந்து போகின்றன. புரியவில்லை என்பவர்கள் உண்டு. ஆனால் "நான் யார்?" என்று குழம்பும் ஒரு தலைமுறையை ஒழுங்கான வாக்கியங்களில் எப்படிச் சொல்ல முடியும்?

இதெல்லாம் அரசாங்கத்தின் நாடகம், பேசியவர்களிலும் படித்த இங்கிலீஷ்காரர்கள் குரல்தான் ஓங்கியிருக்கிறது என்று ஒரு விமர்சனம் வைக்கலாம். அதில் நியாயம் உண்டு. இருந்தாலும் அதிருப்தியும் தேசத்தின் ஒரு பகுதிதான் என்று அரசுப் பணத்தில் எடுத்த படமே ஒப்புக்கொண்டது சின்ன விஷயம் இல்லை.

இன்று ஆகஸ்ட் 15 வந்தால் போதும், பெயின்ட் கம்பெனி முதல் பிஸ்கட் கம்பெனி வரை ஆளுக்கொரு தேசபக்திக் குறும்படம். எல்லோரும் சிரிக்கிறார்கள், கொடி பறக்கிறது, கடைசியில் ஒரு லோகோ. அதில் சந்தோஷம் முன்கூட்டியே முடிவான விஷயம். கேள்வியே இல்லை!

ஃபிலிம்ஸ் டிவிஷனை தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்க 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. கட்டடமும் பெயர்ப்பலகையும் மாறலாம், பரவாயில்லை. ஆனால் பழைய படச்சுருள்கள் பத்திரமாக இருக்க வேண்டும். அன்று கேமரா முன்னால் பேசியவர்களின் வயதுக்காரர்கள் இன்று எண்பதை நெருங்குகிறார்கள். இன்றைய இருபது வயசுக்காரர்களிடமும் அதே கேள்வியைக் கேட்டு, வரும் பதிலை வெட்டாமல் காட்ட யாராவது முன்வருவார்களா?