கடன் வாங்கிய நிரலும் கடைக்காரரின் பொறுப்பும்

இணையத்தில் கடை திறப்பது இன்று பெருநிறுவனங்களின் தனியுரிமை அல்ல. 2011இல் வெளியான வூகாமர்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பொருள் பட்டியல், கூடை, கட்டணம் என ஒவ்வொன்றுக்கும் ஆயத்தமான நிரல் துண்டுகளை எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். செயற்கை நுண்ணறிவுச் செயலிகளோ கேட்ட மாத்திரத்தில் எழுதியே தந்துவிடுகின்றன.

புவிசார் குறியீடு பெற்ற வில்லியனூர் சுடுமண் சிற்பங்களையும் திருக்கனூர் காகிதக்கூழ்ப் பொம்மைகளையும் செய்பவர்களுக்கு இது நல்வாய்ப்பு. பூரணாங்குப்பம் போன்ற சிற்றூரிலிருந்து சிறுதொழில் தொடங்குவோருக்கும் அப்படியே. பெரிய விற்பனைத் தளங்களில் தரகுக் கட்டணம் உண்டு. வாடிக்கையாளருடனான உறவும் அத்தளத்தின் வசமே இருக்கும். சொந்தக் கடை இவ்விரண்டிலிருந்தும் விடுதலை தருகிறது. ஆனால், அதுவரை பெரிய தளம் சுமந்த பாதுகாப்புப் பொறுப்பையும் அது கடைக்காரரின் தோளில் ஏற்றிவிடுகிறது.

22 வரிகளின் விலை

2018இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் தளம் பயன்படுத்திவந்த ஒரு நிரல் கோப்பில் 22 வரிகள் கள்ளத்தனமாகச் செருகப்பட்டன. பயணிகள் தட்டச்சு செய்த அட்டை விவரங்கள் அவ்வரிகளின் வழியே திருடர்களைச் சென்றடைந்தன. பாதிப்பு வளையத்தில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். 2020 அக்டோபரில் பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் அந்நிறுவனத்துக்கு 2 கோடி பவுண்டு அபராதம் விதித்தது.

2024இல் நடந்தது இன்னும் எளியது. ‘பாலிஃபில்’ என்ற சேவையின் இணைய முகவரி கைமாறியது. சில மாதங்களில் அதன் வழியே தீய நிரல் பரவியது. லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் ஆபத்துக்கு உள்ளாயின. அத்தளங்களை நடத்தியவர்கள் செய்தது, என்றோ ஒருநாள் ஒற்றை வரியை ஒட்டியதும் பிறகு அதை மறந்ததும்தான்.

சிறு கடைகளுக்கு இத்தகைய நூதனத் தாக்குதலே தேவையில்லை. பொருளின் விலையை வாங்குபவரின் உலாவி அனுப்பியபடியே ஏற்கும் நிரலில், ஆயிரம் ரூபாய்ப் பொருளை ஒரு ரூபாய்க்கு வாங்கிவிடலாம். ‘பணம் செலுத்தப்பட்டது’ என்ற செய்தியைக் கட்டண நிறுவனத்தின் கையொப்பத்துடன் வழங்கியில் சரிபார்க்காவிட்டால், பணம் வராமலே பொருள் போய்விடும். ரகசியச் சாவியை நிரலுக்குள் எழுதிப் பொதுவெளியில் பதிவேற்றுவது, வீட்டுச் சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவதற்கு ஒப்பானது. பயிற்சிக்காக எழுதப்படும் மாதிரி நிரல்கள் பல, சுருக்கம் கருதி இந்தக் காப்புகளை விட்டுவிடுகின்றன.

பழைய நிரல், புதிய சட்டம்

நிரல் மாறாமல் கிடக்கலாம்; சட்டம் கிடப்பதில்லை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2022 அக்டோபர் 1 முதல் வாடிக்கையாளரின் அட்டை எண்ணை வணிகர் சேமித்துவைக்க முடியாது. அதற்கு முன் எழுதப்பட்ட நிரலுக்கு இது தெரியாது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உரிய பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது. ‘இணையத்தில் கிடைத்ததை ஒட்டினேன்’ என்பது அங்கே செல்லுபடியாகும் வாதம் அல்ல. கட்டற்ற மென்பொருளின் உரிமங்களும் பெரும்பாலும் ‘எவ்வித உத்தரவாதமும் இல்லை’ என்று வெளிப்படையாகவே கூறுகின்றன.

இதற்காகக் கைவினைஞரை நிரலாளராக மாறச் சொல்வது நியாயம் அல்ல. மீண்டும் பெரிய தளங்களிடமே சரணடையச் சொல்வதும் தீர்வு அல்ல. புதுச்சேரியில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. மாவட்டத் தொழில் மையமும் கல்லூரிகளும் கைகோத்து, சோதிக்கப்பட்ட ஒரு பொதுக் கடைத் தொகுப்பைத் தமிழ் விளக்கங்களுடன் உருவாக்கலாம். இறுதியாண்டு மாணவர்களின் செயல்திட்டங்களை அதன் பராமரிப்போடு இணைக்கலாம். அதிலும் முக்கியமானது, பாதுகாப்புப் புதுப்பிப்புகளைத் தவறாமல் நிறுவும் பொறுப்பை ஒரு நிரந்தரக் குழுவிடம் ஒப்படைப்பது. மாணவர்கள் படிப்பை முடித்துச் சென்றுவிடுவார்கள். கடை திறந்தே இருக்கும்.

சிறு வணிகர்களின் இணையப் பயணத்தைத் தொடங்கப்பட்ட தளங்களின் எண்ணிக்கையைக் கொண்டு அளவிடுவது எளிது. திறந்த கடைகளில் எத்தனை மூன்றாண்டுகளுக்குப் பிறகும் பாதுகாப்பாக இயங்குகின்றன என்பதே உண்மையான அளவுகோல்.