உரிமத்தைப் புதுப்பிக்கும் செலவு யார் தலையில்?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நம் சங்க அறைக்கு ஒரு டாங்கர் ஓட்டுநர் வந்தார். ஊர் நாமக்கல் பக்கம். குடும்பம் மும்பை ஆண்டாப்ஹில்லில். பதினெட்டு ஆண்டுகளாக எரிவாயு டாங்கர் ஓட்டுகிறவர். இதுநாள்வரை அவர் கையால் ஒரு விபத்து நடந்ததில்லை. அவர் கேட்டு வந்தது ஆறாயிரம் ரூபாய் கடன்.

எதற்கு என்று விசாரித்தோம். லைசென்ஸ் செல்லுபடியில்தான் இருக்கிறது. ஆனால் அபாயகரமான பொருள்களை ஏற்றிச் செல்ல அதில் தனியாகப் பதிந்து தரும் அனுமதி இருக்கிறதே, நம் ஓட்டுநர்கள் ‘ஹசார்டஸ்’ என்று ஒரே சொல்லில் சொல்வது, அது முடிந்து ஒன்பது நாள் ஆகிவிட்டது. சரக்கு ஏற்றுமிடத்தின் வாசலில் தேதியைப் பார்த்த காவலாளி அவரை உள்ளே விடவில்லை. முதலாளி அன்று மாலையே வண்டியை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். இங்குள்ள ஓர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போனால், “லைசென்ஸ் தமிழ்நாட்டில் எடுத்தது, அங்கேயே போ” என்று ஜன்னலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்கள். வெளியே நின்ற ஏஜெண்ட் ஆறாயிரம் ரூபாயில் டாக்டர் சர்டிபிகேட், பயிற்சி சர்டிபிகேட் எல்லாம் சேர்த்து நான்கு நாளில் கையில் தருவதாகச் சொன்னார். வகுப்பில் உட்கார வேண்டிய அவசியமே இல்லையாம்.

கடன் கொடுக்க நாம் மறுத்தோம். “ரெண்டு பிள்ளைங்க பள்ளிக்கூடம் போவுது, நீங்க எனக்குச் சட்டம் சொல்றீங்களா?” என்று அவர் கோபப்பட்டார். அந்தக் கோபம் நியாயமானது என்பதால்தான் இந்தத் தலையங்கம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 14-வது பிரிவு உரிமத்தின் ஆயுளைச் சொல்கிறது. முன்பு லாரி, பஸ் போன்ற போக்குவரத்து வண்டிகளுக்கான உரிமம் மூன்றாண்டு செல்லும். அபாயப் பொருள் ஏற்றுவதற்கானது ஓராண்டுதான் செல்லும், ஆண்டுதோறும் ஒரு நாள் மறுபயிற்சி உண்டு. 2019-இல் செய்த திருத்தம் முதலாவதை ஐந்தாண்டாகவும் இரண்டாவதை மூன்றாண்டாகவும் நீட்டியது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் அதே திருத்தம் ஓசைப்படாமல் இன்னொன்றைப் பிடுங்கிக்கொண்டது. தேதி முடிந்த பிறகும் முப்பது நாள் வரை உரிமம் செல்லும் என்று முன்பு ஒரு சலுகை இருந்தது. அது இப்போது இல்லை. இன்று நள்ளிரவு முடிந்தால் நாளைக் காலை வண்டியில் ஏறுகிறவன் உரிமமற்றவன். நீளத்தைப் பார்த்து மகிழ்ந்த நம் ஓட்டுநர்களில் பலருக்கு இந்த வெட்டு தெரியாது. அந்த நண்பருக்கும் தெரியாது. ‘இன்னும் முப்பது நாள் இருக்கே’ என்றுதான் அவர் சோலாப்பூருக்கு லோடு ஏற்றப் போயிருக்கிறார்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2024 ஜனவரி 31 முதல் பிப்ரவரி 12 வரை ‘சாரதி’ என்ற அரசுக் கணினித் தளம் தடைப்பட்டு, நாடு முழுவதும் உரிம வேலைகள் நின்றன. உடனே மத்தியப் போக்குவரத்து அமைச்சகம், இடையில் முடிந்த உரிமங்கள் பிப்ரவரி 29 வரை செல்லும் என்று அறிவித்தது. இயந்திரத்துக்குக் காய்ச்சல் வந்தால் தவணை கொடுக்கத் தெரிகிறது. ஓட்டுநருக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் ஒரு நாள்கூடக் கிடையாது!

அடுத்தது, ‘ஊருக்குப் போ’ என்ற உத்தரவு. வெளிமாநிலத்தில் பிழைக்க வந்த நமக்கு இதுதான் பெரிய அடி. போக வர ரயில் கட்டணம், காத்திருக்கும் நாட்கள், இழக்கும் கூலி, டிரிப் பேட்டா எல்லாம் சேர்ந்தால் ஒரு மாத வருமானத்தில் பாதி போய்விடும். ஆனால் சட்டத்தின் 15-வது பிரிவு என்ன சொல்கிறது? உரிமத்தைப் புதுப்பிக்க எந்த உரிம அதிகாரியிடமும் மனுச் செய்யலாம் என்கிறது. உரிமம் வேறிடத்தில் வழங்கப்பட்டதென்றால், புதுப்பித்த அதிகாரி அந்தச் செய்தியை முதலில் வழங்கிய அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதாவது கடிதம் ஊருக்குப் போக வேண்டுமே தவிர ஓட்டுநர் போக வேண்டியதில்லை. நாடாளுமன்றம் இவ்வளவு தெளிவாக எழுதியதை ஒரு ஜன்னல் குமாஸ்தா ஒரு வாக்கியத்தில் ரத்துச் செய்துவிட முடிகிறது. நாமும் குமாஸ்தா வேலை பார்ப்பவர்கள்தான். ஜன்னலுக்கு உள்ளே இருப்பவன் ‘முடியாது’ என்று சொல்வது எத்தனை சுலபம் என்பது நமக்குத் தெரியும். அந்தச் சுலபத்தில்தான் வெளியே நிற்கிற ஏஜெண்டின் ஆறாயிரம் விளைகிறது.

சரி, அந்தப் பயிற்சிதான் எதற்கு, ஏஜெண்ட் தரும் காகிதமே போதாதா என்று கேட்கும் உறுப்பினர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

2012 ஆகஸ்ட் 27 இரவு கேரளத்தில் கண்ணூரை அடுத்த சாலா என்ற இடத்தில் எரிவாயு டாங்கர் ஒன்று சாலை நடுத்தடுப்பில் மோதிக் கவிழ்ந்தது. கசிந்த வாயு தீப்பற்றி வீடுகளுக்குள் பாய்ந்து 20 பேர் மாண்டனர். 2024 டிசம்பர் 20 விடியற்காலையில் ஜெய்ப்பூர் – அஜ்மீர் நெடுஞ்சாலையில் பாங்க்ரோட்டா அருகே, சாலையில் திரும்பிக்கொண்டிருந்த எரிவாயு டாங்கர்மீது லாரி மோதியது. பரவிய வாயு பற்றிக்கொண்டு, பஸ் உட்பட முப்பதுக்கு மேற்பட்ட வண்டிகள் எரிந்தன. இரண்டு இடங்களிலும் முதலில் நடந்தது ஒன்றே: வாயு வெளியேறியது. தீ அதற்குப் பின்னால்தான் வந்தது. நடுவில் கிடைக்கும் அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான் இந்தப் பயிற்சி.

சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. மேலே போகாது, வெள்ளைப் புகைபோலத் தரையோடு தவழ்ந்து பள்ளத்திலும் சாக்கடையிலும் இறங்கும். திரவமாக இருக்கும் ஒரு லிட்டர் வெளியே வந்தால் ஏறக்குறைய 250 லிட்டர் வாயுவாகப் பெருகும். அப்போது இஞ்சினை ஓடவிடக் கூடாது, எந்த மின்சுவிட்சையும் தொடக் கூடாது, பின்னால் வரும் வண்டிகளைத் தூரத்திலேயே நிறுத்த வேண்டும், ஆட்களைக் காற்று வரும் திசையை நோக்கிக் கூட்டிப் போக வேண்டும். டாங்கரின் பக்கங்களிலும் பின்னாலும் உள்ள தகட்டில் 1075 என்று ஓர் எண் எழுதியிருக்கும். அது எரிவாயுவுக்கு ஐக்கிய நாடுகள் முறையில் கொடுத்த எண். பெட்ரோலுக்கு 1203, குளோரினுக்கு 1017. இந்த எண்ணைத் தொலைபேசியில் சொன்னாலே தீயணைப்புக்காரருக்கு எதை எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று தெரிந்துவிடும். பல ஆண்டுகளாக அந்தத் தகட்டைத் துடைத்து வைக்கும் நம் ஓட்டுநர்களில் எத்தனை பேருக்கு அந்த எண்ணின் பொருள் தெரியும்? கேட்டுப் பார்த்தோம். நமக்கே வெட்கமாக இருந்தது. குற்றம் அவர்களுடையதல்ல. சர்டிபிகேட் இருந்தது, வகுப்பு நடக்கவில்லை. அல்லது நடந்தது, அவர்களுக்குப் புரியாத மொழியில் நடந்தது.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 9-வது விதி, இத்தகைய ஓட்டுநர் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள ஏதேனும் ஒரு மொழியும் ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்கிறது. முதன்முறை பெறுகிறவருக்கு மூன்று நாள் பயிற்சியையும் விதிக்கிறது. எட்டாவது அட்டவணையில் தமிழும் இருக்கிறது. அப்படியிருக்க, தமிழ் மட்டும் நன்றாகத் தெரிந்தவருக்கு ஆபத்து நேரத்தில் செய்ய வேண்டியவற்றை இந்தியிலோ மராத்தியிலோ இரண்டு மணி நேரம் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்குவது எந்த வகைப் பயிற்சி? இது மொழிச் சண்டை அல்ல. தீ எந்த மொழிக்காரனையும் விசாரித்துவிட்டு எரிப்பதில்லை. பேருக்கு இருபது தமிழ் ஓட்டுநர்கள் சேரும் இடத்திலாவது தமிழில் ஒரு வகுப்பும், தமிழில் அச்சிட்ட ஒரு கையேடும் கொடுங்கள் என்று கேட்கிறோம்.

இனிச் செலவு விஷயம். அதே விதிகளின் 135-வது விதியை முதலாளிமார் தயவுசெய்து ஒருமுறை படிக்க வேண்டும். ஏற்றிச் செல்லும் பொருளின் தன்மை, அதனால் வரும் ஆபத்து, ஓடும்போதும் நிற்கும்போதும் எடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கை, விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியது ஆகிய எல்லாவற்றையும் புரிந்துகொள்ளும் அளவுக்கு ஓட்டுநருக்குப் போதிய பயிற்சி கிடைத்திருக்கிறது என்பதை வண்டியின் உடைமையாளர்தான் உறுதிப்படுத்த வேண்டும் என்கிறது அந்த விதி. பொறுப்பு அவருடையது என்றால் செலவு மட்டும் எப்படி ஓட்டுநருடையதாகிறது? வண்டியின் தகுதிச் சான்றிதழ் முடிந்தால் முதலாளி புதுப்பிக்கிறார். டாங்கின் சோதனைச் சான்றிதழையும் அவர்தான் புதுப்பிக்கிறார். ஓட்டுகிற மனிதனின் காகிதம் முடிந்தால் மட்டும் ஆளையே மாற்றிவிடுகிறார்.

இந்தப் பத்திரிகையை நடத்துவோரில் சிலர் ரயில்வே ஊழியர்கள். எங்கள் கண்முன் நடப்பதைச் சொல்கிறோம். இதே எரிவாயுவும் இதே எண்ணெயும் டாங்க் வாகன்களில் ரயிலிலும் போகின்றன. அந்த ரயிலை ஓட்டும் தொழிலாளியை நிர்வாகமே மறுபயிற்சிக்கு அனுப்புகிறது. பயிற்சி நாள் பணி நாளாகக் கணக்கிடப்படுகிறது. கண்ணும் உடம்பும் ரயில்வே மருத்துவரால் குறித்த காலங்களில் சோதிக்கப்படுகின்றன. அதற்கு அவர் பையிலிருந்து ஒரு காசும் போவதில்லை. இது யாரும் தானமாகக் கொடுத்ததல்ல என்பது தொழிற்சங்க வரலாறு தெரிந்தவர்களுக்குத் தெரியும். தண்டவாளத்தில் ஓடினால் நிர்வாகத்தின் செலவு, தார்ச்சாலையில் ஓடினால் தொழிலாளியின் செலவு என்பது என்ன நியாயம்?

இங்கே சிலருக்கு மனம் நோகலாம். நம் பொங்கல் விழா மலருக்கு விளம்பரம் தருவோரில் டாங்கர் உடைமையாளர்களும் உண்டு. அவர்களில் பலர் ஓட்டுநராகத் தொடங்கி, வட்டிக்கு வாங்கி ஒரு வண்டி வைத்தவர்கள். அவர்கள் கஷ்டம் நமக்குத் தெரியும். ஆனால் முதலாளியும் தமிழர், தொழிலாளியும் தமிழர் என்பதால் கூலிக் கணக்கு மறைந்துவிடாது. அவர்களுக்கே நன்மையான ஒன்றைச் சொல்கிறோம். உரிமம் காலாவதியான ஓட்டுநர் கையில் வண்டி விபத்துக்குள்ளானால், இன்ஷூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈட்டைக் கொடுத்துவிட்டு அந்தத் தொகையை உடைமையாளரிடமே வசூலித்துக்கொள்ள நீதிமன்றங்கள் வழி விட்டிருக்கின்றன. உரிமமற்றவரிடம் வண்டியைக் கொடுத்ததற்கு அபராதம் வேறு. இரண்டு நாள் கூலியை மிச்சம் பிடிக்கப் போய் வண்டியையே இழப்பது கெட்டிக்காரத்தனமா?

2024 ஜனவரி முதல் இரண்டு நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். விபத்து நடந்ததும் தெரிவிக்காமல் ஓடிவிடும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு வரை சிறை என்ற புதிய சட்டப்பிரிவை எதிர்த்து ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். பெட்ரோல் பங்குகளில் வரிசை தெருமுனை தாண்டி நின்றது. அரசு இறங்கி வந்து பேசியது. 2024 ஜூலை 1-இல் புதிய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது. ஓட்டுநர் என்று ஒருவர் இருக்கிறார் என்பதை நகரம் அந்த இரண்டு நாட்கள்தான் கவனித்தது.

நம் நண்பரின் கதைக்கு வருவோம். சங்கத்தின் பெயரில் 15-வது பிரிவைக் குறிப்பிட்டு ஒரு மனு எழுதிக் கொடுத்து, நிர்வாகிகள் இருவர் கூடவே போனோம். முதல் நாள் திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது முறை உள்ளே இருந்த அதிகாரியைப் பார்த்தோம், படித்தார், வாங்கிக்கொண்டார். பயிற்சி வகுப்பில் அவர் நாள் முழுக்க உட்கார்ந்துதான் சர்டிபிகேட் வாங்கினார். அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய். வேலையில்லாமல் போனது இருபத்து மூன்று நாள். அனுமதி கைக்கு வந்துவிட்டது, பழைய வண்டி வரவில்லை. இப்போது அதே முதலாளியிடம் மாற்று ஓட்டுநராகக் கூப்பிட்டபோது போகிறார்.

புதுப்பிப்பு மனுவை, தேதி முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்தே கொடுக்கலாம். முடிந்த பின் ஓராண்டுக்குள்ளும் கொடுக்கலாம். ஆனால் இடைப்பட்ட நாட்கள் உரிமமில்லாத நாட்களே. ஓராண்டு தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்டி டெஸ்ட் பாஸ் செய்ய வேண்டும். மருத்துவச் சான்று 1ஏ என்ற படிவத்தில் வேண்டும். லைசென்ஸில் இரண்டு தேதிகள் இருக்கின்றன என்பதை மறக்க வேண்டாம்: வண்டிக்கு ஒன்று, ஹசார்டஸுக்கு ஒன்று. இரண்டாவதுதான் முதலில் முடிகிறது.

வருகிற மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை ஐந்து மணி முதல் சங்க அறையில் நிர்வாகிகள் இருப்பார்கள். தாராவி, சீத்தா கேம்ப், வடாலா, கலம்போலிப் பகுதிகளில் உள்ள டாங்கர் ஓட்டுநர்கள் லைசென்ஸை எடுத்து வந்தால் இரண்டு தேதிகளையும் நோட்டில் குறித்துக்கொண்டு, முடிவதற்கு மூன்று மாதம் முன்பே ஆள் அனுப்பித் தெரிவிப்போம். மனு எழுதித் தரக் கட்டணம் இல்லை. உடைமையாளர்களும் வரலாம். பயிற்சி நாளுக்குக் கூலியும் பேட்டாவும் கொடுப்பதாக எழுதிக் கொடுக்கும் முதல் உடைமையாளரின் பெயரை அடுத்த இதழின் முதல் பக்கத்தில், விளம்பரக் கட்டணம் இல்லாமல், பெரிய எழுத்தில் வெளியிடுவோம்.