சாவி தொலைந்தால் பெட்டியை எரிப்பதா?



சென்ற கோடை விடுமுறையில் ஒரு மாலை, எங்கள் தெருவில் பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மாணவன் ஒருவன் என் வீட்டிற்கு வந்தான். முகம் வாடியிருந்தது. "சார், ரீசெட் செய்துவிட்டேன். தாத்தாவின் குரல் போய்விட்டது" என்றான்.

அவன் வீட்டில் 'நாஸ்' எனப்படும் சேமிப்புப் பெட்டி ஒன்று உண்டு. இரண்டு ஹார்ட் டிஸ்குகளைக் கொண்டு, ரூட்டருடன் இணைந்து, வீட்டார் அனைவரின் படங்களையும் பதிவுகளையும் ஓரிடத்தில் காக்கும் சிறு கணினி அது. வீட்டில் ரூட்டரை மாற்றினார்கள். மறுநாள் செல்பேசியில் பெட்டி தென்படவில்லை. பெட்டி கெட்டுவிட்டது என்று எண்ணிய அவன், அதைக் கணினியுடன் நேரே இணைத்து, 'பேக்டரி ரீசெட்' கட்டளையைக் கொடுத்துவிட்டான். மறைந்த தாத்தா பேசிய பதிவுகளும் அதோடு போயின.

பெட்டியில் கோளாறே இல்லை என்பதுதான் வேதனை. பழைய ரூட்டருக்கு ஏற்றவாறு நிலையாகக் கொடுத்திருந்த முகவரி, புதிய ரூட்டருக்குப் பொருந்தவில்லை, அவ்வளவே.

நம் திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. சாவி தொலைந்துவிட்டது என்று யாராவது வந்தால் நம் பூட்டுத் தொழிலாளி என்ன செய்வார்? பூட்டைத் திறக்க வழி பார்ப்பார், பெட்டியைக் கொளுத்தமாட்டார். சேமிப்புப் பெட்டியிலும் இந்த இரண்டும் வேறு வேறு. உதாரணமாக, சினாலஜி நிறுவனத்தின் பெட்டிகளில் ரீசெட் பொத்தானைச் சுமார் 4 விநாடி அழுத்திப் 'பீப்' ஒலி கேட்டதும் விட்டால், நிர்வாகியின் பாஸ்வேர்டு, வலையமைப்பு முகவரி போன்ற சில அமைப்புகள் மட்டுமே தொடக்க நிலைக்குத் திரும்பும். கோப்புகள் அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளை வேறு. பிற நிறுவனங்களின் பெட்டிகளில் முறை மாறும்; ஆகவே முதலில் கையேட்டைப் படிக்க வேண்டும்.

"இரண்டு டிஸ்குகள் இருக்கின்றனவே, ஒன்று போனால் மற்றொன்று இருக்காதா?" என்று நீங்கள் கேட்கலாம். டிஸ்க் பழுதானால் இருக்கும். ஆனால் ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படுவது போலவே, அழிப்பதும் இரண்டிலும் நடக்கும். கண்ணாடியில் தெரியும் பிம்பம் தனிப் பிரதி ஆகாது.

2021 ஜூன் மாதத்தில் உலகின் பல நாடுகளில் இது நிகழ்ந்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் 'மை புக் லைவ்' பெட்டிகளில், உரிமையாளர் எவரும் தொடாமலே, இணையம் வழியாக யாரோ பேக்டரி ரீசெட்டை இயக்கிவிட்டார்கள். அந்தப் பெட்டிகளின் மென்பொருள் 2015-க்குப் பின் புதுப்பிக்கப்படவில்லை. ரீசெட்டிற்கு முன் பாஸ்வேர்டு கேட்க வேண்டிய நிரல் வரிகள் செயலற்று இருந்தன. வேறு பிரதி வைத்திருந்தவர்கள் தப்பினார்கள், மற்றவர்கள் தவித்தார்கள்.

அப்படியானால் பேக்டரி ரீசெட் எப்போது தகும்? என் கருத்தில் மூன்றே வேளைகளில்.

ஒன்று, பெட்டியைப் பிறருக்கு விற்கும்போதும் கொடுக்கும்போதும். இங்கும் ஓர் எச்சரிக்கை. ஹார்ட் டிஸ்கில் தகவல்கள் நுண்ணிய காந்தப் பகுதிகளாகப் பதிந்துள்ளன. விரைவான ரீசெட் பெரும்பாலும் புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழிக்கிறது. பக்கங்கள் அப்படியே கிடக்கும். ஆகவே டிஸ்க் முழுவதும் புதிதாக எழுதி அழிப்பதே பாதுகாப்பு.

இரண்டு, தீய நிரல் புகுந்துவிட்டபோது. ஆனால் பூட்டப்பட்ட கோப்புகளையும் அவசரப்பட்டு அழிக்கலாகாது. 2022-இல் 'டெட்போல்ட்' என்ற பணம் பறிக்கும் நிரல் பல நாஸ் பெட்டிகளின் கோப்புகளைப் பூட்டியது. அவ்வாண்டு அக்டோபரில் நெதர்லாந்து காவல்துறை தந்திரமாக 150-க்கும் மேற்பட்ட திறவுகோல்களைப் பெற்றது. கோப்புகளை அழித்துவிட்டவருக்குத் திறவுகோல் கிடைத்தும் என்ன பயன்?

மூன்று, மற்ற எல்லா வழிகளும் தோற்று, பெட்டியின் மென்பொருள் சீர்செய்ய முடியாதபடி குழம்பியபோது. டிஸ்கிலிருந்து 'டிக் டிக்' என்று ஒலி வருமானால் அது பொறியின் பழுது. அதை ரீசெட் குணப்படுத்தாது.

இந்த மூன்று வேளைகளுக்கும் ஒரே நிபந்தனை: வேறோர் இடத்தில் பிரதி இருக்க வேண்டும், அதைத் திறந்து பார்த்திருக்கவும் வேண்டும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வெளியிடத்தில் என்பது நல்ல விதி. நத்தத்தில் இருக்கும் மாமா வீட்டு அலமாரியில் ஒரு டிஸ்க் இருந்தாலே போதும்.

ஆய்வுக்கூடத்தில் மின்சுற்று இயங்காவிட்டால் எல்லாக் கம்பிகளையும் பிடுங்கி எறிகிறோமா? ஒவ்வோர் இணைப்பாகச் சோதித்துக் காரணத்தைக் காண்கிறோம். வீட்டுப் பெட்டிக்கும் அதே முறைதான். பொத்தானை நோக்கி விரல் நீளும்போது, "இதில் உள்ளது வேறு எங்கே இருக்கிறது?" என்று கேளுங்கள். விடை தெரியாவிட்டால் விரலை எடுத்துவிடுங்கள். அந்த மாணவன் இன்று ரீசெட் பற்றி என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. பாட்டியின் குரலைப் பதிவு செய்து மூன்று இடங்களில் வைத்திருக்கிறான்.